மேற்கு மாம்பலம் தெருவில் இருந்து 537 விக்கெட்: அஸ்வின் ஏன் அடிக்கடி வெளியே உட்கார வைக்கப்பட்டார்?

சென்னை:

இந்திய அணிக்காக டெஸ்ட் போட்டிகளில் 537 விக்கெட் எடுத்தவர் நம்ம ஊர் அஸ்வின். இவரை விட அதிக விக்கெட் எடுத்த இந்தியர் ஒரே ஒருவர்தான். அவர் 619 விக்கெட் எடுத்த கும்ப்ளே.

இவ்வளவு விக்கெட் எடுத்த ஒருவர், இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனால் பல நேரம் தண்ணீர் பாட்டில் தூக்கிக் கொண்டு வெளியே நின்றார். கடைசியில் 2024-ம் ஆண்டு டிசம்பர் 18-ந்தேதி பிரிஸ்பேன் நகரில், ஒரு தொடரின் நடுவிலேயே சர்வதேச கிரிக்கெட்டுக்கு முழுக்கு போட்டு விட்டு மறுநாளே மாம்பலம் வந்து சேர்ந்தார்.

ஏன் இப்படி ஆனது? ஒரு கிரிக்கெட் வீரரின் தொழில் வாழ்க்கை எப்படித்தான் நடக்கிறது? சோமசுந்தரம் மைதானத்திலும் மெரினா ஓரத்திலும் பையனை கிரிக்கெட் கோச்சிங் அனுப்பும் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி இது. அதற்கு அஸ்வின் கதையே நல்ல பாடம்.

ஓப்பனிங் பேட்ஸ்மேனாக இருந்தவர்

அஸ்வின் பிறந்தது 1986-ம் ஆண்டு செப்டம்பர் 17-ந்தேதி. அப்பா தெற்கு ரெயில்வேயில் வேலை பார்த்தவர். அவரும் கிளப் கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசியவர்தான். வீடு மேற்கு மாம்பலத்தில். ரங்கநாதன் தெருவுக்கு வருகிற கூட்டம் ரெயில்வே பாலத்துக்கு இந்தப் பக்கம் என்றால், அந்தப் பக்கம் இருப்பது மேற்கு மாம்பலம். குறுகலான தெரு, நெருக்கமான வீடுகள். அங்கே நேராக அடித்தால்தான் ரன். பக்கத்தில் அடித்தால் யாராவது ஒருவர் வீட்டு ஜன்னல் உடையும்.

இவர் முதலில் பவுலர் கிடையாது. ஓப்பனிங் பேட்ஸ்மேன். அவ்வப்போது மிதவேகப் பந்து வீசுவார். பத்ம சேஷாத்ரி பாலபவனில் படித்தார். பிறகு கிரிக்கெட்டுக்காக மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோமில் உள்ள செயின்ட் பீட்ஸ் பள்ளிக்கு மாறினார்.

பள்ளியில் படிக்கும்போதே இடுப்பில் பலமான காயம் ஏற்பட்டது. பல மாதம் ஆட முடியவில்லை. திரும்பி வந்தபோது பேட்டிங் இடத்தில் வேறு பையன்கள் வந்து விட்டார்கள். அதன் பிறகுதான் ஆப்-ஸ்பின் பந்து வீச ஆரம்பித்தார்.

அதாவது இன்று நாம் பார்க்கிற பவுலர் அஸ்வின், ஒரு காயத்தால் உருவானவர். ஆனால் பேட்டிங்கை அவர் விடவில்லை. அந்த இரண்டாவது தொழில்தான் பிற்காலத்தில் பல முறை அவருக்கு கை கொடுத்தது.

படிப்பையும் விடவில்லை. ஓ.எம்.ஆர். சாலையில் காலவாக்கத்தில் உள்ள எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியில் ஐ.டி. பிரிவில் பி.டெக். முடித்தார்.

சொடக்கு பந்து என்றால் என்ன?

ஆப்-ஸ்பின் என்பது வலது கை பேட்ஸ்மேனுக்கு வெளியில் குத்தி உள்ளே திரும்பும் பந்து. இடது கை பேட்ஸ்மேனுக்கு அதே பந்து வெளியே போகும். வெளியே போகிற பந்துதான் எப்போதும் ஆபத்து. பேட் நுனியில் பட்டு கேட்ச் போய் விடும்.

அதனால்தான் இடது கை பேட்ஸ்மேன்களுக்கு அஸ்வின் என்றால் நடுக்கம். டெஸ்டில் இடது கை பேட்ஸ்மேன்களை மட்டும் 200 முறை அவுட் ஆக்கிய முதல் பவுலர் இவர்தான். 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் அந்தக் கணக்கைத் தொட்டார். இங்கிலாந்தின் பென் ஸ்டோக்சை மட்டும் டெஸ்டில் 13 முறை வீழ்த்தினார். ஆஸ்திரேலியாவின் வார்னரை 11 முறை.

வலது கை பேட்ஸ்மேனை என்ன செய்வது? அதற்குத்தான் கேரம் பால். கேரம் போர்டில் காயை சுண்டுவது போல, நடுவிரலால் பந்தை சொடுக்கி விடுவது. பார்த்தால் ஆப்-ஸ்பின் மாதிரியே வரும். ஆனால் திசை மாறி வெளியே போகும்.

இதை அஸ்வின் எந்த பெரிய அகாடமியிலும் கற்றுக் கொள்ளவில்லை. சென்னை தெருக்களில் டென்னிஸ் பந்தில் ஆடிய ஒரு பவுலர் இப்படி வீசி தன்னை திணற அடித்ததாகவும், அவரிடம் இருந்தே இதைக் கற்றதாகவும் அவரே பேட்டிகளில் கூறியிருக்கிறார். தெருவில் அதற்கு பெயர் 'சொடக்கு பால்'. தெருவில் வாங்கிய அடியை, உலகத்துக்கே திருப்பிக் கொடுத்தார் என்று சொல்லலாம்.

படிப்படியாக ஏறிய ஏணி

சென்னையில் கிரிக்கெட் தொழில் என்பது ஒரே நாளில் வருவது இல்லை. பள்ளி, வயது வாரியான மாநில அணி, டிவிஷன் லீக், அப்புறம் ரஞ்சி. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் நடத்தும் லீக்கில் பல டிவிஷன்கள் உண்டு. முதல் டிவிஷனில் பெயர் எடுத்தால்தான் தேர்வாளர் கண்ணில் படலாம்.

அஸ்வின் 2006 டிசம்பரில் அரியானாவுக்கு எதிராக ரஞ்சி டிராபியில் தமிழ்நாடு அணியில் அறிமுகம் ஆனார். ஐ.பி.எல்.-ல் சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்காக 2009-ல் களம் இறங்கினார். 2010-ல் சென்னை அணி ஐ.பி.எல். கோப்பையும் சாம்பியன்ஸ் லீக் கோப்பையும் வென்றது. சாம்பியன்ஸ் லீக்கில் தொடர் நாயகன் அஸ்வின். அதே ஆண்டு ஜூன் மாதம் இந்திய ஒருநாள் அணியில் இடம் கிடைத்தது.

2011-ம் ஆண்டு மே 28-ந்தேதி சேப்பாக்கத்தில் நடந்த ஐ.பி.எல். இறுதிப் போட்டி பலருக்கு இன்றும் மறந்திருக்காது. பெங்களூர் அணியின் கெய்ல் அந்த தொடர் முழுக்க வெளுத்துக் கட்டிக் கொண்டிருந்தார். முதல் ஓவரே ஸ்பின் என்று கேப்டன் டோனி பந்தை அஸ்வினிடம் கொடுத்தார். நான்காவது பந்திலேயே கெய்ல் டக் அவுட். சேப்பாக்கமே எழுந்து நின்றது. கோப்பை சென்னைக்கே.

டெஸ்டில் அறிமுகம் 2011 நவம்பரில் டெல்லியில். வெஸ்ட் இண்டீசுக்கு எதிராக முதல் போட்டியிலேயே 9 விக்கெட். அதே தொடரில் மும்பை டெஸ்டில் 5 விக்கெட் எடுத்து 103 ரன்னும் அடித்தார். ஒரே டெஸ்டில் சதமும் 5 விக்கெட்டும் என்ற சாதனையை அவருக்கு முன் செய்த இந்தியர்கள் வினு மன்கட், பாலி உம்ரிகர் இருவர் மட்டுமே.

முதல் அடி விழுந்தது

இதோடு எல்லாம் சுபம் என்று நினைக்க வேண்டாம். 2012-ல் இங்கிலாந்து அணி இந்தியாவுக்கு வந்து தொடரை வென்று போனது. அந்த தொடரில் அஸ்வின் பந்து எடுபடவில்லை. மறு ஆண்டே சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 12 விக்கெட் எடுத்து பதிலடி கொடுத்தார்.

ஆனால் 2013 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க் டெஸ்டில் இரண்டு இன்னிங்சிலும் ஒரு விக்கெட் கூட கிடைக்கவில்லை. அடுத்த டெஸ்டில் அவருக்கு பதிலாக ஜடேஜா. அங்கே தொடங்கிய கதைதான் கடைசி வரை ஓடியது.

விவரம் இதுதான். இந்தியாவில் ஆடுகளம் சுழலுக்கு உதவும். அதனால் 2 அல்லது 3 ஸ்பின்னர் இறங்குவார்கள். அஸ்வின், ஜடேஜா இருவருக்குமே இடம் உண்டு. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்காவில் 4 வேகப்பந்து வீச்சாளர்களும் ஒரே ஒரு ஸ்பின்னரும்தான். அந்த ஒரு இடத்துக்கு இரண்டு பேர் போட்டி.

அங்கே ஸ்பின்னரிடம் எதிர்பார்ப்பது விக்கெட்டை விட ரன். ஜடேஜா இடது கை பேட்ஸ்மேன், பேட்டிங் சராசரி அதிகம், பீல்டிங்கில் புலி. அஸ்வினின் பேட்டிங் சராசரி 25.75. அதனால் தராசு பல முறை ஜடேஜா பக்கம் சாய்ந்தது.

2021-ல் இங்கிலாந்து தொடரில் நடந்த 4 டெஸ்டில் ஒன்றில் கூட அஸ்வினுக்கு இடம் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் அதற்கு முந்தைய மாதம்தான் சர்ரே கவுண்டி அணிக்காக லண்டன் ஓவல் மைதானத்தில் 27 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்திருந்தார். அதே ஓவலில் இந்தியா ஆடியபோது அவர் வெளியே. ஆனால் அந்த டெஸ்டில் இந்தியா ஜெயித்தது. எனவே முடிவு தவறு என்று ஒரேயடியாக சொல்லவும் முடியாது.

2023-ல் அதே ஓவலில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி. அப்போது உலக தரவரிசையில் நம்பர் ஒன் பவுலர் அஸ்வின். ஆனாலும் 11 பேரில் இடம் இல்லை. ஆஸ்திரேலியாவின் இடது கை பேட்ஸ்மேன் டிராவிஸ் ஹெட் சதம் அடித்தார். இந்தியா தோற்றது. இந்த முடிவு மட்டும் ரசிகர்கள் மனதில் இன்றும் முள்ளாக இருக்கிறது.

கணக்கைப் பார்த்தால் விஷயம் புரியும். சொந்த மண்ணில் 65 டெஸ்டில் 383 விக்கெட். வெளியே 41 டெஸ்டில் 154 விக்கெட்.

இரண்டு வேலை தெரிந்தவன்

அமெரிக்காவில் அமெரிக்கன் ஃபுட்பால் என்று ஒரு ஆட்டம் உண்டு. நம்ம கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தை கையில் வைத்து ஓடும் ஆட்டம். அதில் 'டைட் எண்ட்' என்று ஒரு இடம். அந்த வீரருக்கு இரண்டு வேலை. ஒரு நேரம் எதிர் அணி ஆளை முட்டித் தள்ளி வழி விட வேண்டும். அடுத்த நேரம் ஓடிப் போய் பந்தைப் பிடிக்க வேண்டும்.

அந்த இடத்தில் பெரிய பெயர் டோனி கோன்சலஸ். 1997 முதல் 2013 வரை 17 சீசன் ஆடி 1,325 முறை பந்தைப் பிடித்தவர். கல்லூரியில் கூடைப்பந்தும் ஆடியவர். இரண்டு வேலை தெரிந்ததால்தான் இவ்வளவு காலம் தாக்குப் பிடித்தார். ஆனால் சூப்பர் பவுல் கோப்பையை ஒரு முறை கூட வெல்லவில்லை.

இரண்டு வேலை தெரிந்தவனுக்கு இரண்டு கதவு. அதே நேரம் இரண்டிலும் மார்க் போடுவார்கள். ஒன்றில் குறைந்தாலும் வெளியே. அஸ்வினுக்கும் அதேதான் நடந்தது.

அந்த இரண்டாவது வேலையின் அருமை தெரிந்த நாள் 2021 ஜனவரி 11. இடம் சிட்னி. இந்தியா டெஸ்டை காப்பாற்ற கடைசி நாள் முழுக்க ஆட வேண்டும். அஸ்வினுக்கு முதுகு வலி. காலையில் குனிந்து ஷூ லேஸ் கட்டக் கூட முடியவில்லை. மறுமுனையில் ஆந்திராவைச் சேர்ந்த விகாரிக்கு தொடைத் தசையில் காயம், ஓட முடியாது.

இருவரும் சேர்ந்து 40 ஓவருக்கும் மேல் நின்றார்கள். அஸ்வின் உடம்பில் பந்து மேல் பந்தாக வாங்கினார். நடுவில் விகாரிக்கு தமிழில் தைரியம் சொல்லிக் கொண்டே இருந்தது ஸ்டம்ப் மைக்கில் கேட்டது. அஸ்வின் 128 பந்தில் 39 ரன் எடுத்து அவுட் ஆகாமல் நின்றார். போட்டி டிரா. அடுத்து பிரிஸ்பேனில் ஜெயித்து இந்தியா தொடரையே கைப்பற்றியது. அன்று எடுத்த 39 ரன், பல சதத்துக்கு சமம்.

அடுத்த மாதமே சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் இன்னிங்சில் 5 விக்கெட், பிறகு 106 ரன். கொரோனா காலம் என்பதால் பாதி ஸ்டேடியத்தில்தான் ரசிகர்கள். சத்தம் மட்டும் முழு ஸ்டேடியத்துக்கு இருந்தது.

2024 செப்டம்பரில் மீண்டும் சேப்பாக்கம். வங்காளதேசத்துக்கு எதிராக இந்தியா 144 ரன்னுக்கு 6 விக்கெட் இழந்து தவித்தது. அஸ்வினும் ஜடேஜாவும் சேர்ந்து 199 ரன் எடுத்தார்கள். அஸ்வின் 113. இரண்டாவது இன்னிங்சில் 6 விக்கெட். ஒரே இடத்துக்கு போட்டி போட்டதாக எல்லோரும் சொன்ன இருவர்தான் அன்று தோளோடு தோள் நின்று அணியை காப்பாற்றினார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

ஒரே டெஸ்டில் சதமும் 5 விக்கெட்டும் என்பதை அஸ்வின் மொத்தம் 4 முறை செய்தார். இவரை விட அதிகமாக, 5 முறை செய்தவர் இங்கிலாந்தின் இயான் போத்தம் மட்டும்தான்.

சம்பளம் எப்படி வருகிறது?

இது பெற்றோர் தெரிந்து கொள்ள வேண்டிய விஷயம். கிரிக்கெட் வீரருக்கு மூன்று வழியில் பணம் வரும்.

முதலாவது, கிரிக்கெட் வாரிய ஒப்பந்தம். 2024-ல் அறிவித்த பட்டியலில் அஸ்வின் 'ஏ' பிரிவில் இருந்தார். அந்த பிரிவுக்கு ஆண்டுக்கு ரூ.5 கோடி.

இரண்டாவது, போட்டிக்கு போட்டி கட்டணம். அஸ்வின் ஆடிய கடைசி ஆண்டுகளில் ஒரு டெஸ்டுக்கு ரூ.15 லட்சம். ரஞ்சி போன்ற உள்ளூர் போட்டிகளுக்கு 2021-ல் வாரியம் அறிவித்தபடி ஒரு நாளைக்கு ரூ.40 ஆயிரம் முதல் ரூ.60 ஆயிரம் வரை. எத்தனை போட்டி ஆடிய அனுபவம் என்பதைப் பொறுத்து இது மாறும். 11 பேரில் இடம் இல்லாமல் வெளியே உட்கார்ந்தால் பாதிதான்.

மூன்றாவது ஐ.பி.எல். ஏலம். இதில் வீரர் எந்த ஊர், எந்த தெரு என்று யாரும் பார்ப்பது இல்லை. அஸ்வின் 2015 வரை சென்னை அணி. சென்னை அணிக்கு தடை வந்ததும் 2016-ல் புனே. 2018-ல் ரூ.7.6 கோடிக்கு பஞ்சாப், அங்கே கேப்டன் பதவி. பிறகு டெல்லி. 2022-ல் ரூ.5 கோடிக்கு ராஜஸ்தான். 2025 சீசனுக்காக ரூ.9.75 கோடிக்கு மீண்டும் சென்னை.

10 ஆண்டு கழித்து வீடு திரும்பிய அந்த சீசன் சரியாக அமையவில்லை. 9 ஆட்டத்தில் 7 விக்கெட். சென்னை அணி கடைசி இடம் பிடித்தது. 2025 ஆகஸ்ட் 27-ந்தேதி ஐ.பி.எல்.-லில் இருந்தும் ஓய்வு பெற்றார். மொத்தம் 221 ஆட்டத்தில் 187 விக்கெட்.

விதியைப் படித்தவர்

அஸ்வின் என்றால் சர்ச்சையும் உண்டு. 2019-ல் ஜெய்ப்பூரில், பந்து வீசும் முன்பே கிரீஸை விட்டு வெளியேறிய பட்லரை ரன் அவுட் ஆக்கினார். இது விளையாட்டு தர்மமா என்று பாதி உலகம் திட்டியது. விதியில் இருப்பதைத்தானே செய்தேன் என்பது அவர் வாதம். பின்னாளில் விதி புத்தகத்திலேயே அது 'முறையற்ற ஆட்டம்' என்ற பகுதியில் இருந்து சாதாரண ரன் அவுட் பகுதிக்கு மாற்றப்பட்டது. 2022-ல் இது நடைமுறைக்கு வந்தது.

அதே 2022-ல் ராஜஸ்தான் அணிக்காக ஆடும்போது, அடுத்து வருபவர் வேகமாக அடிக்கட்டும் என்று தானே 'ரிட்டயர்டு அவுட்' ஆகி வெளியேறினார். ஐ.பி.எல்.-லில் இப்படி செய்த முதல் ஆள் இவர்தான். அதே ஆண்டு அக்டோபரில் மெல்போர்னில் பாகிஸ்தானுக்கு எதிரான 20 ஓவர் உலகக் கோப்பை ஆட்டத்தில், பதட்டமே இல்லாமல் ஒரு பந்தை ஒதுங்கி நின்று வைடு ஆக விட்டார். அடுத்த பந்தில் வெற்றி ரன் அடித்தார். மாம்பலத்தில் வெடி சத்தம் தீபாவளிக்கு ஒரு நாள் முன்பே கேட்டது.

கடைசி நாள்

2024 அக்டோபர், நவம்பரில் நியூசிலாந்து அணி இந்தியாவுக்கு வந்து 3-0 என்று தொடரை அள்ளிக் கொண்டு போனது. அதற்கு முன் சொந்த மண்ணில் தொடர்ந்து 18 தொடர்களை இந்தியா வென்றிருந்தது. அந்த வெற்றிகளின் தூண் அஸ்வின். ஆனால் நியூசிலாந்து தொடரில் அவருக்கு கிடைத்தது 9 விக்கெட் மட்டுமே.

அதே தொடரில் புனே டெஸ்டில் 11 விக்கெட் எடுத்தவர் வாஷிங்டன் சுந்தர். அவரும் சென்னைக்காரர், அவரும் ஆப்-ஸ்பின், அவரும் நன்றாக பேட்டிங் செய்பவர். ஆஸ்திரேலியாவில் பெர்த் டெஸ்டில் வாஷிங்டனுக்கு வாய்ப்பு. அடிலெய்டில் அஸ்வின். பிரிஸ்பேனில் ஜடேஜா. மூன்று டெஸ்டில் மூன்று ஸ்பின்னர்.

பிரிஸ்பேன் டெஸ்ட் டிரா ஆனதும் கேப்டன் ரோகித் சர்மாவுடன் வந்து உட்கார்ந்து ஓய்வை அறிவித்தார். தனக்குள் இன்னும் கொஞ்சம் ஆட்டம் மிச்சம் இருப்பதாகவும், அதை கிளப் கிரிக்கெட்டில் காட்டுவேன் என்றும் கூறினார். கேள்விகளுக்கு பதில் சொல்லவில்லை.

மறுநாள் மேற்கு மாம்பலம் வீட்டில் மேளதாளத்தோடு வரவேற்பு. மகன் அவமானப்படுத்தப்பட்டதாக அவருடைய அப்பா டி.வி. சேனலில் ஆதங்கப்பட்டார். அப்பாவுக்கு மீடியாவிடம் பேசிப் பழக்கம் இல்லை, பெரிதுபடுத்தாதீர்கள் என்று அஸ்வின் கேட்டுக் கொண்டார். எந்த வீட்டிலும் பெற்ற மனசு அப்படித்தானே பேசும்.

2025-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

பசங்களுக்கு என்ன பாடம்?

106 டெஸ்ட், 537 விக்கெட், 3,503 ரன், 6 சதம். 11 முறை தொடர் நாயகன், இதில் முரளிதரனுடன் சமம். இவ்வளவு சாதித்தவருக்கே ஒவ்வொரு வெளிநாட்டு டூரிலும் இடம் உறுதி இல்லை. இதுதான் இந்த தொழிலின் நிஜம்.

அதனால் பையனை கோச்சிங்குக்கு அனுப்பும் பெற்றோர் மூன்று விஷயத்தை மனதில் வைக்கலாம். ஒரே வேலையை மட்டும் கற்றுக் கொள்ள வேண்டாம், பவுலராக இருந்தாலும் பேட் பிடிக்கத் தெரிய வேண்டும். காயம் வந்தால் அதோடு முடிந்தது என்று உட்கார வேண்டாம். படிப்பை பாதியில் விட வேண்டாம்.

மேற்கு மாம்பலம் தெருக்களில் இப்போது பைக்கும் காரும் நிற்பதால் ஆட இடம் குறைந்து விட்டது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்காவது ஒரு மூலையில் டென்னிஸ் பந்து சத்தம் கேட்கத்தான் செய்கிறது. அதில் எவனாவது ஒரு பையன் நடுவிரலால் பந்தை சொடுக்கிப் பார்த்துக் கொண்டிருப்பான். அடுத்த முறை ஜன்னல் கண்ணாடி உடைந்தால், திட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.